தொடர்ந்து நீட்சிப் பயிற்சி செய்தால் கணுக்காலின் வளையும் திறன் உண்மையில் கூடுமா?

வழிப்போக்கன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணுக்காலில் அடிபட்டதோ அறுவைச் சிகிச்சை நடந்ததோ இல்லாத, நலமான ஒருவர் கெண்டைக்காலுக்குத் தொடர்ந்து நீட்சிப் பயிற்சி செய்தால் கணுக்காலின் வளையும் திறன் எவ்வளவு கூடும், எத்தனை வாரங்களில் கூடும், கூடியது நிலைக்குமா என்பதே என் கேள்வி.

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. முழுதாகக் குந்தும்போது என் குதிகால்கள் தரையை விட்டு எழும்பிவிடுகின்றன. பளு தூக்கும்போது குதிகாலுக்கு அடியில் சிறு தகடு வைத்தால்தான் ஸ்குவாட் செய்ய முடிகிறது. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிச் செய்யும் வழக்கமான பயிற்சியைச் சில மாதங்களாகச் செய்துவருகிறேன். செய்து முடித்தவுடன் தளர்வாக இருக்கிறது. மறுநாள் காலையில் பழைய இறுக்கம் திரும்பிவிடுகிறது. எலும்பின் அமைப்பே அப்படித்தான், மாற்ற முடியாது என்கிறார்கள் சிலர். இன்னும் அதிக நேரம் இழுத்துப் பிடித்தால் தசை நீண்டுவிடும் என்கிறார்கள் வேறு சிலர். ஆய்வுகளைப் படித்தவர்களும் இத்துறையில் பணிபுரிபவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தென்றல் எழுதியது:

வணக்கம் வழிப்போக்கன் அவர்களே. நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். எந்த வளைவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டும் அசைவு பெரும்பாலோருக்கு 40 முதல் 50 பாகை வரை தாராளமாக இருக்கும். அதில் குறை சொல்லி வருபவர்கள் அரிது. பாதத்தை முழங்காலை நோக்கி மேலே மடக்கும் அசைவில்தான் சிக்கல். குந்தும்போதும், படி இறங்கும்போதும், நடக்கையில் உடல் பாதத்தைத் தாண்டி முன்னே செல்லும்போதும் தேவைப்படுவது இந்த மேல்மடக்குதான். படுக்க வைத்து அளந்தால் இது 10 முதல் 20 பாகை வரை இருக்கும். நின்றபடி உடல் எடையை முன்னே சாய்த்து அளந்தால் 35, 40 என்று வரும். ஆகவே ஒருவர் 15 என்றும் மற்றவர் 40 என்றும் எழுதியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அளந்த முறை வேறு, அவ்வளவுதான்.

இந்த மேல்மடக்கை முக்கியமாகத் தடுப்பவை இரண்டு தசைகளும் மூட்டும். கெண்டைக்காலின் மேலடுக்கில் உள்ள காஸ்ட்ரோக்னீமியஸ் தசை தொடை எலும்பின் கீழ்முனையில் தொடங்கி, முழங்காலையும் கணுக்காலையும் கடந்து செல்கிறது. அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசை முழங்காலுக்குக் கீழே தொடங்குவதால் முழங்காலின் நிலை அதைப் பாதிப்பதில்லை. இரண்டும் சேர்ந்து அக்கிலீஸ் தசைநாணாகிக் குதிகால் எலும்பைப் பற்றுகின்றன. இனி மூட்டு. கீழ்க்கால் எலும்புகளுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையே இருக்கும் தாலஸ் எலும்பின் மேற்பரப்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கிறது. பாதம் மேலே மடங்க மடங்க அதன் அகலமான பகுதி கீழ்க்கால் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே புகுந்து இறுகுகிறது. அங்கு வரும் தடை தசையின் தடையன்று.

உங்கள் சுவர்ப் பயிற்சியில் பின்னால் இருக்கும் காலின் முழங்கால் நேராக இருக்கிறது. எனவே இழுப்பின் பெரும்பகுதி காஸ்ட்ரோக்னீமியஸுக்கே போகிறது. குந்தும்போதோ முழங்கால் முழுதாக மடங்கிவிடுவதால் அந்தத் தசை தளர்ந்துவிடுகிறது. அப்போது குதிகாலை எழுப்புவது சோலியஸாகவோ மூட்டாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆக, உங்களைத் தடுக்காத தசையை நீங்கள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஐயம்.

எது தடை என்று அறிய ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரிலிருந்து தொடங்கும்படி தரையில் ஓர் அளவுநாடாவை ஒட்டி, வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியை நாடாவின் மேல் வையுங்கள். குதிகால் தரையில் பதிந்தபடியே முழங்காலை முன்னே தள்ளிச் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் பாதத்தைச் சற்றுப் பின்னால் நகர்த்தி மீண்டும் செய்யுங்கள். குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடும் கடைசித் தொலைவுதான் உங்கள் அளவு. குதிகாலுக்கு அடியில் ஒரு தாளைச் செருகி, வேறொருவரை அதை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் உருவிக்கொண்டு வந்தால் குதிகால் எழும்பிவிட்டது என்று பொருள். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகச் செல்லட்டும். அது உட்பக்கம் சாய்ந்து பாதத்தின் உள்வளைவு தட்டையானால், நடுப்பாத மூட்டுகளின் அசைவும் கணுக்காலின் கணக்கில் ஏறிவிடும். பலருடைய 'முன்னேற்றம்' இப்படிக் கிடைத்ததுதான். ஒவ்வொரு செ.மீ. தொலைவும் சுமார் 3 முதல் 4 பாகைக்குச் சமம். இரு கால்களையும் அளந்து எழுதுங்கள். கடைசி நிலையில் கெண்டைக்காலில் இழுக்கிறதா, கணுக்காலின் முன்பக்கம் இடிக்கிறதா என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

எண்கணிதன் எழுதியது:

தென்றல் அவர்களின் விளக்கம் தெளிவாக உள்ளது. எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு நான் எண்களைத் தருகிறேன்.

2006-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் இதே கேள்வியை எடுத்துக்கொண்ட ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. தரமான சோதனைகள் ஐந்து, அவற்றில் பங்கேற்றவர்கள் 161 பேர். ஆய்வுக் காலம் முழுவதிலும் நீட்சியில் செலவிட்ட மொத்த நேரத்தைக் கொண்டு அவர்கள் முடிவுகளைப் பிரித்தார்கள். மொத்தம் 15 நிமிடம் வரை செய்தவர்களுக்குச் சராசரியாக 2.07 பாகை கூடியது. 15 முதல் 30 நிமிடம் வரை செய்தவர்களுக்கு 3.03, 30 நிமிடத்துக்கு மேல் செய்தவர்களுக்கு 2.49. ஐயத்துக்கு இடமின்றிக் கூடுகிறது, ஆனால் கூடும் அளவு சிறியது, நேரத்தை இரட்டிப்பாக்கினால் பயனும் இரட்டிப்பாகும் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. கோணமானியைப் பிடிக்கும் கையைப் பொறுத்தே ஓரிரு பாகை மாறிவிடும் என்பதால், தனி ஒருவர் 2 பாகை முன்னேற்றத்தைத் தன் உடலில் உணர்ந்தேன் என்று சொன்னால் நான் நம்பத் தயங்குவேன்.

சற்றுப் பெரிய விளைவு காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆஸ்திரியாவில் கொன்ராட், டில்ப் ஆகிய இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 49 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் ஆறு வாரங்கள் கெண்டைக்கால் நீட்சி செய்ய வைத்தார்கள். அவர்களுடைய மேல்மடக்கு சராசரியாக 30.9 பாகையிலிருந்து 36.3 பாகைக்கு உயர்ந்தது. ஐந்து பாகைக்கு மேல் என்பது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். வியப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. அல்ட்ராசவுண்டு கொண்டு, தசைக்குள் இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்த தசைநார்க் கற்றைகளின் நீளத்தையும் சாய்வையும் பார்த்தார்கள்; தசையின் விறைப்பையும் தசைநாணின் விறைப்பையும் அளந்தார்கள். எதுவும் மாறவில்லை. கால் அதே கால், தசை அதே நீளம், ஆனால் ஐந்து பாகை அதிகம் மடங்குகிறது.

இதற்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம், இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் திறன் கூடியிருக்கிறது என்பதாகும். எந்த இடத்தில் 'போதும், இதற்கு மேல் வேண்டாம்' என்று நரம்பு மண்டலம் தடுத்ததோ, அந்த எல்லை சற்றுத் தள்ளிப்போகிறது. ஆகவே சில வாரப் பயிற்சியில் தசை நீண்டுவிடும் என்று உங்களிடம் சொன்னவர்களின் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

நெடுந்தூரம் எழுதியது:

நான் நீண்ட தூரம் ஓடுபவன். எண்கணிதன் ஐயா சொல்வதைப் பார்த்தால், இவ்வளவு மெனக்கெட்டு இரண்டு மூன்று பாகைதானா என்று தோன்றுகிறது. ஓட்டத்துக்கு முன் கெண்டைக்காலை இழுத்துவிட்டால் சுளுக்கும் தசைப் பிடிப்பும் வராது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் இல்லை என்று ஆகிவிடுமா?

எண்கணிதன் எழுதியது:

நெடுந்தூரம் அவர்களே, அந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலிய இராணுவத்தில் நடந்த இரண்டு பெரிய சோதனைகள் ஓரளவு விடை தருகின்றன. 1998-ல் வெளிவந்த முதல் ஆய்வில் புதிதாகச் சேர்ந்த 1,093 வீரர்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதியினர் கடும் பயிற்சிக்கு முன் கெண்டைக்கால் தசைகளை நீட்டினார்கள்; மறு பாதியினர் கைத் தசைகளை நீட்டினார்கள். 12 வாரங்களின் முடிவில் காயங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2000-ல் வெளிவந்த இரண்டாவது ஆய்வில் 1,538 பேர். கால் தசைகள் பலவற்றையும் நீட்ட வைத்துப் பார்த்தார்கள். அங்கும் அதே முடிவு. காயத்தை முன்கூட்டிச் சுட்டிக்காட்டியது அவர்களுடைய ஓட்டத் தகுதிதான்.

முதல் ஆய்வில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் இருக்கிறது. தொடக்கத்திலேயே கணுக்காலின் மேல்மடக்கு மிகக் குறைவாக இருந்தவர்களுக்குக் காயம் ஆகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இறுகிய கணுக்கால் ஓர் ஆபத்துக் குறி. ஆனால் ஓடுவதற்கு முன் சில நொடிகள் இழுப்பது அந்த ஆபத்தைக் குறைக்கவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

தென்றல் எழுதியது:

ஓடுபவர்களுக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அக்கிலீஸ் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் வில்லைப் போன்றது. அது ஓரளவு விறைப்பாக இருப்பது உங்களுக்கு நன்மையே. நடக்கவும் ஓடவும் போதுமான மேல்மடக்கு இருந்தால் அதற்கு மேல் தேடிப்போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

கல்தச்சன் எழுதியது:

வணக்கம். நான் வலிமைப் பயிற்சியாளர். இங்கே பேச்சு முழுவதும் அசையாமல் இழுத்துப் பிடிக்கும் முறையைச் சுற்றியே செல்கிறது. வளைவைக் கூட்ட அது ஒன்றே வழி என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வலிமைப் பயிற்சியையும் நீட்சிப் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 11 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மூட்டுகளின் அசைவு எல்லையைக் கூட்டுவதில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. அசைவின் முழு எல்லை வரை சென்று பளுவைத் தாங்கினால், வளைவும் கூடும், அந்த வளைவில் நிற்கும் வலிமையும் வரும். முந்தையதை மட்டும் பெற்று என்ன செய்யப்போகிறோம்?

படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி, அடிநிலையில் சற்று நிறுத்தி, பிறகு எழும்பும் பயிற்சியையே நான் பெரும்பாலோருக்குக் கொடுக்கிறேன். முழங்காலை நேராக வைத்து ஒரு சுற்று, சற்று மடக்கி வைத்து ஒரு சுற்று. மடக்கிச் செய்யும்போது எரிச்சல் கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில், அக்கிலீஸுக்கு அருகில் தெரியும். சோலியஸ் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இறங்கும்போது மூன்று நான்கு நொடிகளாவது எடுத்துக்கொள்ள வேண்டும். தடாலென்று இறங்கினால் பயிற்சி செய்வது தசையல்ல, புவியீர்ப்பு.

நேரத்தைக் கூட்டிப் பயனில்லை என்று எண்கணிதன் சொல்வதையும் நான் முழுதாக ஒப்பவில்லை. ஜெர்மனியில் வார்னெக்கே குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், பாதத்தை மேலே மடக்கிய நிலையில் பிடித்துவைக்கும் ஒரு கருவியை அணிவித்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் வீதம் ஆறு வாரங்கள் கெண்டைக்காலை நீட்டி வைத்தார்கள். வளைவு நன்றாகக் கூடியதோடு, தசையின் தடிமனும் அதிகபட்ச வலிமையும் 15 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன. எடையே தூக்காமல் கிடைத்த வலிமை இது.

எண்கணிதன் எழுதியது:

கல்தச்சன் அவர்களே, அந்த ஆய்வை மறுக்கவில்லை. ஆனால் 2006 தொகுப்பில் உள்ளவை ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்துச் சில பத்து நிமிடங்கள். நீங்கள் சொல்வது 40 மணி நேரத்துக்கும் மேல். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க இயலாது. நாள்தோறும் ஒரு மணி நேரம் காலைக் கருவியில் பூட்டி வைத்திருக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது என்பது வேறு கேள்வி.

தசை உண்மையிலேயே நீளுமா என்ற கேள்விக்கு உங்கள் பக்கம் வலுச் சேர்க்கும் சான்றுகளை நானே தருகிறேன். 1972-ல் பூனைகளின் சோலியஸ் தசையை நீட்டிய நிலையில் சில வாரங்கள் கட்டுப் போட்டு வைத்தபோது, தசை இழையின் நெடுக்கில் அடுக்கப்பட்டிருக்கும் சுருங்கும் அலகுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியது; சுருங்கிய நிலையில் கட்டியபோது 40 விழுக்காடு குறைந்தது. மனிதரில் எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது: உயர்ந்த குதிகால் காலணிகளைப் பல ஆண்டுகள் அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசைநார்க் கற்றைகள் குட்டையாகவும், அக்கிலீஸ் தசைநாண் விறைப்பாகவும் இருந்ததை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உகாண்டாவின் துவா மக்களில் தேனுக்காக மரம் ஏறும் ஆண்கள், பாதத்தை 45 பாகைக்கும் மேல் மடக்கி அடிமரத்தில் ஊன்றி ஏறுகிறார்கள். அருகில் வாழும் உழவர்களை விட அவர்களின் கெண்டைக்கால் தசைநார்க் கற்றைகள் நீளமானவை என்று 2013-ல் கண்டறிந்தார்கள். எலும்பில் அதற்குரிய வேறுபாடு தெரியவில்லை.

ஆக, தசை மாறும். ஆனால் மாறுவதற்கு அது கேட்கும் விலை, ஆண்டுக்கணக்கான பழக்கம் அல்லது நாளின் பெரும்பகுதி. காலையில் இரண்டு நிமிடம் இழுப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் திறன் மட்டுமே. அதுவும் தள்ளிவிடத் தக்கதன்று.

மழைமேகம் எழுதியது:

நல்ல விவாதம். எனக்கு அறுபதைக் கடந்துவிட்டது. மூட்டுகளில் பெரிய தொந்தரவு இல்லை. இந்த வயதில் இதைத் தொடங்கலாமா, எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும், உடற்பயிற்சிக்கு முன் செய்வதா பின் செய்வதா என்று தென்றல் அம்மா சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்றல் எழுதியது:

மழைமேகம் ஐயா, தாராளமாகத் தொடங்கலாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல், ஒவ்வொரு நீட்சியையும் 10 முதல் 30 நொடிகள் பிடித்து, ஒரு தசைக்கு மொத்தம் 60 நொடிகள் வருமாறு, வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்களாவது செய்யச் சொல்கிறது. மூத்தவர்கள் 30 முதல் 60 நொடிகள் வரை பிடிக்கலாம். இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. சற்று நடந்து உடல் சூடான பிறகு, எதையேனும் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

முன்னா பின்னா என்பதற்கு: ஒரு தசையை 60 நொடிகளுக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், அதை அடுத்து வரும் வலிமை சார்ந்த செயல்களில் சராசரியாக 4 முதல் 5 விழுக்காடு குறைவு தெரிகிறது; 60 நொடிகளுக்குக் கீழ் என்றால் குறைவு 1 விழுக்காடு அளவே. போட்டியில் குதிப்பவருக்கு இது முக்கியம். நமக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது செய்வதே சரி. ஒன்று மட்டும்: ஒரே முறை செய்ததன் தளர்வு சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரம் வரைதான் நிற்கும். வழிப்போக்கன் மறுநாள் காலையில் உணரும் 'பழைய இறுக்கம்' இயல்பானது. அதைக் கொண்டு பயிற்சி பலிக்கவில்லை என்று தீர்மானிக்கக் கூடாது. வாரக்கணக்கில் சேர்ந்து வருவதைத்தான் அளக்க வேண்டும். பயிற்சியை நிறுத்திவிட்டால் அதுவும் சில வாரங்களில் கரையத் தொடங்கும்.

வழிப்போக்கன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தென்றல் அவர்கள் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். தாளை இழுக்க வீட்டில் ஒருவர் உதவினார். வலது காலில் 9 செ.மீ., இடது காலில் 6 செ.மீ. வலது காலில் கடைசி நிலையில் கெண்டைக்காலின் கீழ்ப்பகுதி இழுக்கிறது. இடது காலில் அப்படி எந்த இழுப்பும் தெரியவில்லை. கணுக்காலின் முன்பக்க மடிப்பில் ஏதோ கிள்ளுவது போல் இருக்கிறது, அதற்கு மேல் நகர மறுக்கிறது. இரண்டுக்கும் ஒரே பயிற்சிதானா?

கல்தச்சன் எழுதியது:

வலது காலுக்கு முழங்காலை மடக்கிச் செய்யும் படிப் பயிற்சியைத் தொடங்கலாம். இடது காலைத் தென்றல் அவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

தென்றல் எழுதியது:

இல்லை, ஒரே பயிற்சியன்று. இரண்டு கால்களுக்கும் 3 செ.மீ. வேறுபாடு என்பது சுமார் 10 பாகை. இதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க முடியாது. வலது காலைத் தசை தடுக்கிறது. கல்தச்சன் சொன்னதோடு, சுவரருகே முழங்காலை மடக்கிச் செய்யும் நீட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடது காலில் முன்பக்கம் கிள்ளுகிறது, பின்பக்கம் இழுப்பே இல்லை என்றால், அங்கே கெண்டைக்காலை இழுப்பதால் கிடைப்பது சொற்பம். பாதம் மேலே மடங்கும்போது தாலஸ் எலும்பு சற்றுப் பின்னோக்கி வழுக்கிச் செல்ல வேண்டும். அது சரியாகச் செல்லாவிட்டாலும், மூட்டின் முன்விளிம்பில் எலும்பு சற்று வளர்ந்திருந்தாலும், அங்கிருக்கும் மென்திசு மடிந்து சிக்கினாலும் இந்தக் கிள்ளல் வரும். எது காரணம் என்று எழுத்தில் படித்துச் சொல்ல முடியாது. தாலஸ் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு பட்டையைப் போட்டுப் பின்னோக்கி அழுத்தம் கொடுத்தபடி முழங்காலை முன்னே தள்ளும் முறை ஒன்று உண்டு. வழுக்கல்தான் குறை என்றால் ஓரிரு அமர்விலேயே செ.மீ. கணக்கில் வேறுபாடு தெரியும். அதை நேரில் பார்க்கும் ஓர் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பட்டை ஓர் அங்குலம் மேலே ஏறிக் கீழ்க்கால் எலும்பில் விழுந்தால் விளைவு நேர்மாறாகிவிடும். பழைய சுளுக்கு ஏதேனும் இருந்ததா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். நலமான கால் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலர், சிறு வயதில் மடங்கி வீங்கித் தானே சரியான கணுக்காலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதுவரை இடது காலைக் கிள்ளும் இடம் வரை தள்ளாதீர்கள். ஸ்குவாட் செய்யும்போது குதிகாலுக்கு அடியில் வைக்கும் தகட்டை இப்போதைக்கு எடுக்கவும் வேண்டாம். பளு தூக்கும் வீரர்களின் காலணிகளிலேயே குதிகால் உயர்த்தித்தான் செய்யப்படுகிறது. நான்கு வாரங்கள் கழித்து, இப்போது அளந்த அதே நேரத்தில், பயிற்சிக்கு முன்னதாக, அதே நாடாவில் இரண்டு கால்களையும் மீண்டும் அளந்து எழுதுங்கள்.